அதற்கு வசனம் இருக்கிறதா?

1981-ஆம் ஆண்டு மே மாதம் மூன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. நாமக்கல்லுக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவில், சாலையோரத்தில் ஓடு வேய்ந்த ஒரு ஜெபக்கூடத்தில், நாத்தான்வேல் மேஸ்திரி அன்று சபையை நடத்தும் மூப்பராவதாக இருந்தது. அவருக்குப் போட்டியாக யாரும் இல்லை. தடை சொல்லவும் யாரும் இல்லை. அந்தச் சபையில் எதற்கும் தடை சொல்லக்கூடிய ஒரே ஆள் நாத்தான்வேல்தான்.

அன்று நடந்ததைச் சொல்வதற்கு முன் அவருடைய இனத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

வசனம் கேட்பவர் என்று ஓர் இனம் உண்டு. மணி இல்லாத சபை உண்டு, போதகர் இல்லாத சபை உண்டு, மழைக்கு ஒழுகாத கூரை இல்லாத சபை தாராளமாக உண்டு. வசனம் கேட்பவர் இல்லாத சபையை யாரும் பார்த்ததில்லை. மற்றவர்கள் வேதாகமத்தைப் படிப்பார்கள். இவர் வேதாகமத்தைக் கையில் வைத்துக்கொண்டு மற்றவர்களைப் படிப்பார். அந்த வேதாகமத்துக்கு ரெக்ஸின் உறை இருக்கும், உறைக்கு ஜிப் இருக்கும். பிரசங்கம் செய்பவர் ஓர் உவமை சொல்லப் போய், உவமையிலிருந்து தன் மாமனார் ஊருக்குப் போய், அங்கிருந்து திரும்பத் தெரியாமல் நிற்கும்போது, மூன்றாவது வரிசையிலிருந்து 'சர்ர்ர்' என்று அந்த ஜிப் திறக்கும். பிரசங்கியாருக்கு வேர்க்கும். உடனே மாமனார் ஊரை விட்டுவிட்டு மத்தேயுவுக்கு ஓடி வருவார்.

இந்த இனத்தில் உயர்ந்த சாதி மாடு போன்றவர் நம் நாத்தான்வேல். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் தலைமை மேஸ்திரி. அளவு எழுதிக் கொடுக்காத வரை கட்டையில் ரம்பம் வைக்கக் கூடாது என்பது அவருடைய தொழில் தர்மம். நோவாவுக்குப் பேழையின் நீளம், அகலம், உயரம், ஜன்னல், கதவு எல்லாவற்றையும் முழம் போட்டுச் சொன்ன கடவுள், தன்னைத் தொழுவது எப்படி என்பதை மட்டும் நம் இஷ்டத்துக்கு விட்டுவிடுவாரா? விடமாட்டார். சொல்லியிருப்பார். சொல்லியிருந்தால் புத்தகத்தில் இருக்கும். புத்தகத்தில் இல்லையென்றால் வேண்டியதில்லை. இதில் என்ன குற்றம் காண முடியும்? ஒன்றும் காண முடியாது. கஷ்டமே அதுதான்.

ஃபேன் வந்த கதையைக் கேளுங்கள். அந்தப் பக்கத்து வெயில் உங்களுக்குத் தெரியாதென்றால், ஒரு பாறையை அடுப்பில் வைத்து அதன்மேல் உட்கார்ந்து பாருங்கள். சபையார் சேர்ந்து ஒரு ஃபேன் வாங்கி மாட்டினார்கள். சுவிட்சில் கை வைக்கும்போது நாத்தான்வேல் எழுந்தார்.

"இதுக்கு வசனம் இருக்குதுங்களா?"

சபை ஒரு வாரம் வேர்வையில் நனைந்தபடி வசனம் தேடியது. கடைசியில் கந்தவேல்தான் கண்டுபிடித்தார். பெந்தெகொஸ்தே நாளில் சீஷர்கள் உட்கார்ந்திருந்த வீடு முழுக்கப் பலத்த காற்றடிப்பது போன்ற முழக்கம் உண்டானதாக அப்போஸ்தலர் நடபடிகளில் இருக்கிறது. நாத்தான்வேல் ஜிப்பைத் திறந்தார், படித்தார், யோசித்தார், ஒத்துக்கொண்டார். ஆனால் பலத்த காற்று என்றுதானே இருக்கிறது? எனவே ஃபேன் ஐந்தாம் நம்பரில் மட்டும் ஓடலாம், மெதுவாக ஓட வசனம் இல்லை என்று தீர்ந்தது. அன்றிலிருந்து அந்தச் சபையில் பாட்டுப் புத்தகத்தின் பக்கங்களைக் கட்டைவிரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு பாடுவார்கள்.

மைக்கும் அப்படித்தான். காதில் கேட்டதை வீட்டு மாடியில் நின்று சொல்லச் சொல்லி மத்தேயுவில் இருப்பதால் ஒலிபெருக்கி கூடாதென்று அவர் சொல்லவில்லை. ஆனால் அது கூரையின்மேல் இருக்க வேண்டும் என்றார். இருந்தது. கூடத்துக்குள் உட்கார்ந்தவர்களுக்குப் பிரசங்கம் சரியாகக் காதில் விழாது. எதிர்க் காட்டில் கடலைக் கொடி பிடுங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை தப்பாது.

வசனம் இல்லாததைக் கேட்டு மற்றவர்களை மடக்குகிறாரே, வசனம் இருப்பதை இவர் செய்கிறாரா என்று நீங்கள் கேட்கலாம். கேட்டார்கள். ஒருவரையொருவர் பரிசுத்த முத்தத்தோடு வாழ்த்துங்கள் என்று பவுல் எழுதியிருப்பதைக் கந்தவேல் ஒருநாள் எடுத்துக் காட்டினார். நாத்தான்வேல் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனால் ஏமாற்றுகிறவர் அல்ல அவர். அடுத்த ஞாயிறு ஆண்கள் ஆண்களை வாழ்த்தினார்கள். அந்தச் சபையின் மீசைகள் எல்லாம் ஐயனார் கோயில் குதிரைக்காரன் மீசைகள். ஜன்னல் வழியே அதைப் பார்த்த ஒரு லாரி டிரைவர் பிரேக் போட்டு, வண்டியை ஓரம் கட்டி, கிளீனரையும் எழுப்பிக் காட்டினார். அதற்குப் பிறகு அந்த வசனம் குளிர்காலத்துக்கு உரியது என்று முடிவாயிற்று. அந்தப் பக்கம் குளிர்காலம் வருவதில்லை.

வீட்டில்? அவருடைய மனைவி அத்தாயி, இருபது வருஷம் இந்த மனுஷனோடு குடும்பம் நடத்தியவள், புருஷனைவிட வசனம் தெரிந்தவளாக ஆகிவிட்டாள். வேறு வழியில்லை. வீட்டுக்குக் கட்டில் வேண்டும் என்று அவள் கேட்டபோது அவர் வசனம் கேட்டார்.

"எலிசா தீர்க்கதரிசிக்கு அந்தச் சூனேம் ஊர்க்காரம்மா என்னென்ன வெச்சுக் குடுத்தாளுங்க? கட்டிலு, மேசை, நாற்காலி, குத்துவிளக்கு. படிச்சுப் பாருங்க."

நாலும் வந்தன. தைரியம் வந்து பீரோவும் கேட்டாள். பூச்சியும் துருவும் கெடுக்கும் இடத்தில் பொக்கிஷம் சேர்க்காதே என்று பதில் வந்தது. அத்தாயியின் பட்டுச்சேலை இன்றும் அரிசி மூட்டைக்கு மேல் இருக்கிறது.

"எலிசா பழைய ஏற்பாடு இல்லீங்களா அண்ணா? கைதட்டறதுக்குச் சங்கீதத்துல வசனம் காட்டுனப்ப, அது பழைய ஏற்பாடு, செல்லாதுன்னீங்களே?" என்று கந்தவேல் கேட்டார்.

"ஊட்டுக்குப் பழசு போதும். சபைக்குப் புதுசு வேணும்" என்றார் நாத்தான்வேல். இதற்கு வசனம் என்ன என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. பாருங்கள், கேட்பதும் ஒரு கலை. எல்லோருக்கும் வராது.

இந்தக் கந்தவேல் யார் என்று சொல்லிவிடுகிறேன். தனியார் பஸ்ஸில் கண்டக்டர். பெரியவரான பிறகு ஞானஸ்நானம் பெற்றவர். பெயரை மாற்றிக்கொள்ளும்படி நாத்தான்வேல் சொன்னபோது, "அப்பொல்லோ கிரேக்க சாமி பேர வெச்சுக்கிட்டேதானுங்க ஊழியம் பண்ணாரு" என்று சொல்லித் தப்பித்தவர். ஆனால் எல்லாவற்றிலும் தப்பிக்க முடியவில்லை. ஒரு ஞாயிறு, சனிக்கிழமை இரவு டிரிப் முடித்து வந்த அசதியில், ஜெபத்தின் முடிவில் எல்லோரும் ஆமென் சொல்லும்போது இவர் "போலாம் ரைட்!" என்றுவிட்டார்.

வெளிப் பெஞ்சுக்கு அனுப்பப்பட்டார்.

வெளிப் பெஞ்சு என்பது நாத்தான்வேலின் கண்டுபிடிப்பு. தவறு செய்கிறவனை உங்களைவிட்டுத் தள்ளிவையுங்கள் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியிருக்கிறார். தள்ளி என்றால் எவ்வளவு தூரம்? பவுல் அளவு சொல்லவில்லை. நாத்தான்வேல் சொன்னார்: கூடத்துக்கு வெளியே, தாழ்வாரத்தில், ஒரு பெஞ்சு. அதில் உட்காருகிறவர்கள் மனந்திரும்பும் வரை சபைக்குப் புறம்பானவர்கள். அப்போது மூப்பராக இருந்த பெரியவர் ஞானமுத்துவுக்குச் சண்டை பிடிக்காது. "சரிங்க, போடுங்க" என்றார். போதகர் இல்லாத அந்தச் சபையில் மூப்பர் சொல்வதுதான் முடிவு. மூப்பர் சொல்வதெல்லாம் "சரிங்க" என்பதுதான்.

முதலில் போனவள் அங்கம்மாள். ஆராதனை முடிந்ததும் எல்லோருக்கும் டீ கொடுத்தது குற்றம். குடிக்க உங்களுக்கு வீடுகள் இல்லையா என்று பவுல் கேட்டிருக்கிறார். அடுத்துக் காளியப்பன். கோழிப் பண்ணையில் ராத்திரி வேலை பார்ப்பவர், ஆராதனையில் தூங்கினார். பிறகு கைதட்டியவர்கள், கண் திறந்து ஜெபித்தவர்கள், பாட்டுக்குத் தொடையில் தாளம் போட்டவர்கள்.

இதில் ஒரு விஷயத்தை நாத்தான்வேல் யோசிக்கவில்லை. தாழ்வாரத்தில் வேப்ப மரக் காற்று வந்தது. கூரைமேல் இருந்த ஒலிபெருக்கி அங்கேதான் நன்றாகக் கேட்டது. புறம்பானவர்களுக்கு டீ கொடுக்கக் கூடாது என்று எந்த வசனமும் இல்லையாதலால் அங்கம்மாள் அங்கே நிம்மதியாக டீ ஊற்றினாள். கொஞ்ச நாளில் ஜனங்கள் இடம் பிடிப்பதற்காகவே பாவம் செய்ய ஆரம்பித்தார்கள். பெரிய பாவம் வேண்டியதில்லை. ஜெபத்தின் நடுவில் ஒரு தும்மல் போதும். பெண்கள் ஒரு முனையிலும் ஆண்கள் ஒரு முனையிலுமாகப் பெஞ்சு நிறைந்து வழிந்தது. உள்ளே, ஐந்தாம் நம்பர் காற்றில், தும்மல்கூட வராத பரிசுத்தவான்கள் நாலைந்து பேர் புத்தகத்தை அமுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் பெரியவர் ஞானமுத்து தாராபுரத்தில் இருக்கும் மகன் வீட்டோடு போய்விட்டார். மூப்பர் இடம் காலியாயிற்று.

நாத்தான்வேலுக்கு அந்த இடத்தின்மேல் ஆசை இருந்ததா? இருந்தது. வாலிபத்தில் காவிரியில் முங்கி ஞானஸ்நானம் பெற்ற நாளிலிருந்து இருந்தது. பெருமைக்காக அல்ல. ஒரு தடவையாவது எல்லாம் அளவுப்படி அமைந்த ஒரு சபையைக் கட்டி நிறுத்திப் பார்க்க வேண்டும், நாலு மூலையும் மட்டத்துக்கு நிற்கும் லாரி பாடியைப்போல. வெளியே யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் புது வெள்ளைச் சட்டை தைத்து வந்தது. அத்தாயி அதற்கு இஸ்திரி போட்டுக்கொண்டே, "பேசாம இருந்தீங்கன்னா கெடச்சுரும்" என்றாள். "நா எப்பப் பேசியிருக்கறேன்? கேக்கத்தான் செய்யறேன்" என்றார் அவர்.

ஆச்சரியம் என்னவென்றால் சபை முழுக்க அவரையே மூப்பராக்க விரும்பியது. கந்தவேல் வெளிப் பெஞ்சில் விளக்கினார்:

"மூப்பராக்கி உக்கார வெச்சுட்டமுன்னு வெய்யுங்க. அப்பறம் கேள்வி கேக்க ஆளிருக்காது. பதில் சொல்லத்தான் ஆளிருக்கும்."

பெஞ்சு மொத்தமும் ஆமென் என்றது.

மே மூன்றாம் தேதி ஆராதனை முடிந்ததும் கந்தவேல் எழுந்து வாசலுக்கு வந்தார். புறம்பானவர் உள்ளே வரக் கூடாது. கூட்டத்தை நடத்துவதற்கும் வேறு ஆள் இல்லை. எனவே ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே, பஸ் படியில் நிற்பதுபோல நிலைப்படியில் நின்றார்.

"வசனப்படியே செஞ்சரலாமுங்க. மூப்பருக்குப் புறம்பானவங்ககிட்ட நல்ல சாட்சி இருக்கோணும். ஒண்ணு தீமோத்தேயு மூணாம் அதிகாரம்."

நாத்தான்வேலின் உள்ளம் குளிர்ந்தது. கேட்காமலே வசனம் வருகிறது! அவர் இன்னும் மூப்பர்கூட ஆகவில்லை, அதற்குள் சபை திருந்திவிட்டது.

சபையைச் சேராத இரண்டு சாட்சிகளைக் கந்தவேல் முன்பே வரவழைத்திருந்தார். ஒருவர் சின்னுசாமி, கோழிப் பண்ணையும் இரண்டு லாரியும் வைத்திருப்பவர், இரண்டுக்கும் நாத்தான்வேல்தான் பாடி கட்டியவர். இன்னொருவர் மொய்தீன் பாய்; பட்டறைக்குப் பக்கத்தில் தார்ப்பாய்க் கடை. இருவரும் வேப்ப மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அங்கம்மாளின் டீயைக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏனுங்க கந்தவேலு, நாங்க சொல்லித்தான் உங்க பெரியாள வெக்கோணுமுன்னு உங்க புஸ்தகத்துலயே இருக்குதுங்களா?" என்றார் சின்னுசாமி.

"ஆமாங்க."

"நல்ல புஸ்தகமுங்க. எங்க கோயல் கமிட்டிக்கு இப்படி ஒரு சட்டம் இருந்திருந்தா பாதிப் பேரு ஊட்டுக்குப் போயிருப்பானுங்க."

"சாட்சி சொல்லுங்க முதலாளி."

சின்னுசாமி எழுந்து துண்டைச் சரி செய்தார். "மேஸ்திரி கட்டுன பாடி கொல்லிமலை ஏறி எறங்கியும் ஒரு போல்ட்டு ஆடலீங்க. சொன்ன தேதிக்கு வண்டி தருவாரு. பொய் வாயில வராது. லாரிக்குப் பின்னால முருகன் துணைன்னு எழுதுங்கன்னேன், அது என்னால ஆவாதுங்க முதலாளின்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிப்போட்டாரு. பெயிண்டர வெச்சு எழுதிக்கிட்டேன். எனக்கொண்ணும் வருத்தமில்லீங்க."

மொய்தீன் பாய் உட்கார்ந்தபடியே சொன்னார்: "வெள்ளிக்கிழமை மதியம் நான் தொழுகைக்குப் போனா, மேஸ்திரிதான் என் கடையையும் பாத்துக்குவாரு. திரும்பி வந்தா கல்லாவில் கை வெச்ச அடையாளமே இருக்காது. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? நம்ம ஜமாத்துலகூட இப்படி ஒரு ஆள் இருந்தா நல்லாயிருக்கும். கொஞ்ச நாளைக்கு."

நாத்தான்வேல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இரண்டு சாட்சிகளின் வாயால் காரியம் உறுதிப்பட்டுவிட்டது. கந்தவேல் கையைத் தூக்கினார். இன்னும் ஒரு மூச்சு விடும் நேரம்தான். இந்தப் பூமியில் நாத்தான்வேல் செய்ய வேண்டியது எல்லாம் சும்மா இருப்பது ஒன்றுதான்.

சர்ர்ர் என்று ஜிப் திறந்தது.

"ஐயோ" என்றாள் அத்தாயி.

"நில்லுங்க. புறம்பானவங்கன்னுதானே போட்டிருக்குது? எல்லாப் புறம்பானவங்களையும் கேட்டீங்களா?"

"கேட்டாச்சுங்க அண்ணா. முதலாளி, பாய், ரெண்டு பேருங்க."

"பெஞ்சுல உக்காந்திருக்கறவங்க?"

கந்தவேல் தூக்கிய கையை இறக்கினார். "அவீங்க நம்ம ஆளுங்க அண்ணா."

"பெஞ்சுல உக்காந்தா புறம்பானவங்க. நாந்தானே சொன்னேன்? வசனத்த ஒரு பக்கம் வளைக்க முடியாதுங்க கந்தவேலு. கேளுங்க."

"வேண்டாமுங்க, உக்காருங்க" என்றாள் அத்தாயி. "போதும் மேஸ்திரி, விடுங்களேன்" என்றார் மொய்தீன் பாய். சின்னுசாமி தொடையில் அடித்துக்கொண்டார்: "ஜெயிச்ச எலக்சன்ல, ஜெயிச்ச ஆளே மறுபடியும் எண்ணச் சொல்றத இன்னைக்குத்தானுங்க பாக்கறேன்!"

பெஞ்சு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. அவர்களுக்கு அவர் மூப்பராக வேண்டும். எனவே புளுகத் தயாரானார்கள். ஆனால் பொய்ச்சாட்சி சொல்லக் கூடாது என்று ஒரு கட்டளை இருக்கிறது; அதை அவர்களுக்கு வாரம் தவறாமல் நினைவூட்டி வந்தவர் நாத்தான்வேல்தான்.

காளியப்பன் எழுந்தார். "நல்லவருதானுங்க. நான் தூங்குனா எழுப்பிப்போடுவாரு. பவுல்கூடப் பிரசங்கத்துல அந்த ஐத்திகுவைத் தூங்கத்தான் உட்டாரு. ஜன்னல்ல இருந்து உழுந்தப்பறந்தான் போய்ப் பாத்தாரு." உட்கார்ந்துவிட்டார்.

அடுத்து அங்கம்மாள். டீச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்தாள். "அண்ணன் தங்கமான மனுசனுங்க. என்ற ஊட்டுக்காரரு கெடையில கெடந்தப்ப டாக்டர்கிட்டத் தூக்கிட்டுப் போனவரு அவருதான். ஆனா உள்ளாற அவரு பக்கத்துல உக்காந்தா எனக்கு ஜெபம் வரதில்லீங்க. தப்பாச் சொல்லிருவனோன்னு பயந்தான் வருது. வெளிய வந்தப்பறந்தானுங்க சாமிகிட்டப் பேசறேன்."

உள்ளே ஃபேன் பேய்க் காற்றாக அடித்துக்கொண்டிருந்தது. மூடாமல் விட்ட அவருடைய வேதாகமத்தின் பக்கங்கள் தாமாகவே புரண்டன.

நாத்தான்வேல் நின்றார். ஒரு கட்டையில் எங்கோ விரிசல் இருக்கிறது என்று சந்தேகப்பட்டு, தட்டிப் பார்த்து, சத்தத்தைக் கேட்டு நிற்கும் மேஸ்திரியைப்போல நின்றார்.

"இது நல்ல சாட்சி இல்லீங்க" என்றார்.

"நல்லவருன்னுதானுங்களே சொல்லிச்சு அங்கம்மா!" என்று கந்தவேல் கெஞ்சினார்.

"என்னைய நல்லவன்னு சொல்லிச்சு. சாட்சி நல்லா இல்லை." வேதாகமத்தை மூடி, அதைக் கையில் எடுத்துக்கொண்டு, கந்தவேலை விலக்கி நிலைப்படியைத் தாண்டினார். "நல்ல சாட்சி இல்லாதவன் எங்க உக்காரோணும்?"

இதற்கு வசனம் தேடுவதற்குள் அவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். காளியப்பன் நகர்ந்து இடம் கொடுத்தார். உள்ளே நாலைந்து பரிசுத்தவான்கள்தான் மிச்சம். பிறகு அத்தாயி எழுந்தாள். "ஆளில்லாத ஊட்டுல நா மட்டும் யாருக்குங்க காவல்?" என்று சொல்லி வெளியே வந்தாள். மற்றவர்களும் வந்தார்கள். கடைசியாக வந்தவர் ஃபேனை அணைத்தார்.

அன்று மாலையே கந்தவேலை மூப்பராக்கினார்கள். வேண்டாம் என்றார். வேண்டாம் என்பதற்கு வசனம் கேட்டார்கள். யோனா கூடத்தான் வேண்டாமென்று ஓடினார் என்றார். ஓடிய யோனா எந்த மீனின் வயிற்றில் போய்ச் சேர்ந்தார் என்று கேட்டார்கள். கந்தவேல் ஒத்துக்கொண்டார்.

நீங்கள் சிரித்தீர்களா? சிரியுங்கள். ஆனால் கொஞ்சம் யோசித்துக்கொண்டே சிரியுங்கள். நீங்கள் ஜெபக்கூடத்துப் பக்கமே போகாதவராக இருக்கலாம். உங்கள் புத்தகம் யூனியன் விதியாக இருக்கலாம், ஆபீஸ் சர்க்குலராக இருக்கலாம், "எங்கம்மா ரசத்துக்கு இப்படித்தான் தாளிப்பாங்க" என்று நீங்கள் மனைவியிடம் எடுத்துக் காட்டும் எழுதாத வேதமாக இருக்கலாம். நீங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் நாலு பேர் முதுகை நிமிர்த்துகிறார்களா? உங்களை வெளியே அனுப்பிவிட்டுச் சிரிக்கிறார்களா? அது போகட்டும். தீமோத்தேயுவில் அது மூன்றாம் அதிகாரம்தானா, ஐத்திகு விழுந்தது ஜன்னலிலிருந்துதானா என்று பார்க்க இதைப் படிக்கும்போதே அலமாரிப் பக்கம் ஒரு தடவை எழுந்தீர்கள் அல்லவா? சரியாகத்தான் இருக்கிறது. உட்காருங்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை தாழ்வாரத்தில் நடந்தது. இருந்த பெஞ்சு எல்லோருக்கும் போதவில்லை. நாத்தான்வேல் பட்டறையில் இன்னொரு பெஞ்சு செய்து, சின்னுசாமியின் லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து போட்டார்.